அடைவு

வெள்ளவத்தையில் ‘அடைவு’ என்றதும் நினைவுக்கு வருவது நகை. அவசரத்துக்குக் காப்பையோ சங்கிலியையோ கொண்டுபோய் அடைவு வைப்பது காலி வீதிக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் ‘அடைவு மட்டம்’ என்றால் பிள்ளை எட்டிய கல்வித் தரம். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஆய்வு நூலைப் புரட்டுபவருக்குக் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவு. லினக்ஸைத் தமிழில் பாவிப்பவருக்கு அடைவு என்பது டிரெக்டரி.

வேர் ஒன்றுதான்: அடை. உரிய இடத்தைப் போய்ச் சேர்வது. பழைய உரைகளில் ‘அடைவே’ என்றால் முறையே, வரிசைப்படி. பரதத்தின் ‘அடவு’ இதன் திரிபு என்பாரும் உண்டு.

டிரெக்டரிக்குத் தமிழ்நாட்டில் ‘கோப்பகம்’ என்றும் சொல்வார்கள். கேட்க இனிமை, ஆனால் கொஞ்சம் பிழை. அகம் என்றால் கோப்பு உள்ளே குடியிருக்க வேண்டும். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் அப்படியில்லை. அங்கே டிரெக்டரி என்பது எந்தப் பெயர் எந்த எண்ணுக்குரியது என்று காட்டும் பட்டியல் மட்டுமே. கோப்பின் உள்ளடக்கம் வட்டில் வேறெங்கோ கிடக்கும். சொல்லடைவும் சொல்லையும் பக்க எண்ணையும் அப்படித்தான் இணைக்கிறது.

மென்பொருளைப் பொதியாகக் கட்டுபவர்களுக்கு ‘முறை’ என்ற பழைய பொருளும் வேண்டும். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று லினக்ஸ்காரர்கள் 1994இல் பொது விதி வகுத்தார்கள், அதன் 3.0 பதிப்பு 2015இல் வந்தது. அமைப்புக் கோப்புகள் ‘ஈடிசி’க்கு, மாறிக்கொண்டே இருக்கும் தரவு ‘வார்’க்கு, நிரல் ‘யுஎஸ்ஆர்’ அடைவின் ‘பின்’னுக்கு. ‘யுஎஸ்ஆர்’ தொடக்கத்தில், யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வுக்கூடத்துப் பயனர்களின் சொந்தக் கோப்புகள் இருந்த இடம். வட்டு நிரம்பியதும் நிரல்களும் அங்கே குடியேறின. பயனர்கள் வெளியேறிய பிறகும் பெயர் போகவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பு போவது ‘யுஎஸ்ஆர்’, ‘ஷேர்’, ‘லொக்கேல்’, அதற்குள் தமிழுக்கான ‘டிஏ’ என்ற ஈரெழுத்து அடைவுக்கு. மாற்றி வைத்தால், மொழிபெயர்ப்பு முழுமையாக இருந்தும் திரையில் ஆங்கிலமே தெரியும்.

நகை அடைவு என்ற பொருளுக்கும் இங்கே இடமுண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பொதியொன்றை நிறுவினால், அது எந்தெந்தக் கோப்பை எங்கெங்கே வைத்தது என்ற பட்டியலை, பொதிகளை நிர்வகிக்கும் ‘டிபிகேஜி’ எழுதி வைத்துக்கொள்ளும். அதுதான் அடைவுச் சீட்டு. நீக்கும்போது சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக மீட்கும். ‘ரிமூவ்’ என்றால் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ என்றால்தான் அவையும் போகும். சீட்டில்லாமல் கையால் அங்குமிங்கும் தூவிய மென்பொருளை முழுசாக மீட்பது பெரும்பாடு.

ஆகவே என் வாக்கு அடைவுக்கே. கோப்பகம் என்று எழுதுபவர்கள் எழுதட்டும். தமிழ் மென்பொருள் செய்கிறவர்கள் எந்தச் சொல்லைப் பாவித்தாலும், பொதியைக் கட்டி வெளியிட முன் ‘டிஏ’ அடைவை ஒருமுறை திறந்து பாருங்கள்.