தொலைந்துபோன விளிம்புகள்

கனச்சதுரத்திற்கு 6 மேற்பரப்புகள், 8 முனைகள், 12 விளிம்புகள் என்று நம் பிள்ளைகளை எண்ணச் செய்கிறோம். கட்டையைக் கையில் பிடித்த பிள்ளைக்கு விளிம்பு எதுவென்று விளக்க வேண்டியதில்லை, விரலே சொல்லிவிடும். கணினிக்கோ விரல் இல்லை. அதற்கு விளிம்பை உணர்த்த அறிஞர்கள் பட்ட பாட்டிற்கு அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருவர் முனைவர் ஆய்வேடு அளித்தனர். ஐவன் சதர்லேண்டு, ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலைப் படைத்தார். கணினிவழி வடிவமைப்பின் முன்னோடி அதுவே. லாரன்ஸ் ராபர்ட்ஸ், கட்டைகளின் ஒளிப்படத்தைக் கணினிக்குக் கொடுத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டே விளிம்புகளைக் கண்டறியச் செய்தார். (இணையத்தின் தாயான அர்ப்பாநெட்டை உருவாக்கியதில் தலைமைப் பங்காற்றியவரும் இவரே!)

1970-களை விளிம்பின் பொற்காலம் எனலாம். ஸ்டான்ஃபோர்டில் புரூஸ் பாம்கார்ட், 'சிறகு விளிம்பு' என்னும் தரவு அமைப்பை 1972-இல் வகுத்தார். அதில் ஒவ்வொரு விளிம்பும் தன் இரு முனைகளையும், தன்னைப் பகிர்ந்துகொள்ளும் இரு மேற்பரப்புகளையும், பக்கத்து விளிம்புகளையும் அறிந்து வைத்திருக்கும். கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு என்பாரும் திண்மப் பொருள்களை இவ்வாறே மேற்பரப்பு, விளிம்பு, முனை எனக் கட்டியமைத்தார்.

அத்தனையும் 1987-இல் ஒரு கோப்பு வடிவத்தில் கைவிடப்பட்டன.

ஒளியால் திரவத்தை அடுக்கடுக்காக இறுகச் செய்து பொருள் படைக்கும் பொறிக்குச் சார்லஸ் ஹல் 1986-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய திரீடி சிஸ்டம்ஸ் நிறுவனம் அப்பொறிக்கு உருவங்களை அனுப்ப எஸ்.டி.எல். என்னும் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் இருப்பவை முக்கோணங்கள் மட்டுமே. உருவத்தை மெல்லிய படலங்களாக நறுக்கும் பொறிக்கு விளிம்பு எதற்கு? எத்தகைய வளைவையும் சிறு முக்கோணங்களால் போர்த்திவிடலாம், நறுக்குவதும் எளிது. அந்த நோக்கத்திற்கு அது சரியான முடிவே என்பது என் கருத்து.

நம் கனச்சதுரத்தையே அதில் எழுதிப் பார்ப்போம். ஒவ்வொரு சதுரமும் இரண்டு முக்கோணங்களாகப் பிரிய, மொத்தம் 12 முக்கோணங்கள். ஒவ்வொன்றும் தன் மூன்று முனைகளைத் தனித்தனியே எழுதிக்கொள்வதால், 8 முனைகள் 36 முறை பதிவாகின்றன. எந்த முக்கோணம் எதன் அண்டை வீடு என்ற குறிப்பு இல்லை. ஒத்த முனைகளை நாமே சேர்த்துப் பார்த்தால் 18 கோடுகள் கிடைக்கும். அவற்றுள் 12 உண்மை விளிம்புகள். 6 சதுரத்தைப் பிளந்த மூலைவிட்டங்கள். எது எதுவென்று கோப்பு சொல்லாது.

அதைக் கண்டறியும் வழியைக் கரும்பலகையிலேயே விளக்கலாம். ஒவ்வொரு முக்கோணத்தின்மீதும் செங்குத்தாக ஓர் ஊசியை நட்டதாகக் கொள்வோம். அண்டை முக்கோணங்களின் ஊசிகள் ஒரே திசையை நோக்கினால் நடுவிலுள்ள கோடு வெறும் மூலைவிட்டம். ஊசிகளுக்கிடையே 90 பாகை இருந்தால் அது விளிம்பு. இடைப்பட்ட கோணங்களுக்கு, 30 பாகை போன்ற ஓர் எல்லையை மனிதர்தாம் வகுக்க வேண்டும்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. நீள் உருளையின் பக்கத்தை 36 பட்டைகளாக்கினால் அடுத்தடுத்த ஊசிகளுக்கிடையே 10 பாகைதான். எல்லையை 30 என வைத்தால் பட்டைக் கோடுகள் மறைந்து, மேலும் கீழும் இரு வட்ட விளிம்புகள் மட்டும் எஞ்சும். நன்று. ஆனால், எட்டே பட்டைகளாக்கினால் 45 பாகை! எட்டுக் கோடுகளும் விளிம்புகளாகிவிடும். எட்டுப் பட்டை உருளையும் எண்கோணப் பட்டகமும் அந்தக் கோப்பில் ஒன்றேதான். வரைந்தவர் மனத்தில் இருந்தது எது என்பதை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது.

பொருளை வருடிப் படமெடுக்கும் கருவிகள் வந்தபின் தொல்லை வேறு உருவெடுத்தது. 1994-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு சுடுமண் முயல்பொம்மையை 69,451 முக்கோணங்களாக மாற்றினர். இவ்வாறு அளந்தெடுத்த பரப்பில் ஊசிகள் எங்கும் சற்றே நடுங்கும்; இரண்டு முக்கோணங்களை மட்டும் ஒப்பிட்டால் பொய் விளிம்புகள் முளைக்கும். அவ்வாண்டே ஹியூ ஹாப்பே குழுவினர், கூரிய விளிம்புகளைத் தானே கண்டறிந்து, மற்ற இடங்களை வழவழப்பாக அமைக்கும் முறையை வெளியிட்டனர்.

2015-இல் அறிமுகமான 3எம்.எஃப். வடிவம் ஒவ்வொரு முனையையும் ஒருமுறை எழுதி, எண்ணால் சுட்டுகிறது. அண்டை வீட்டைத் தேடும் வேலை குறைந்தது. ஆயினும் அதன் வலையும் முக்கோண வலையே.

போட்டிக்காக வடிவமைத்த பொருளை முக்கோணக் கோப்பாக மட்டும் சேமித்துவிட்டு, மூலக்கோப்பை அழித்துவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் ஒரு துளையை 2 மில்லிமீட்டர் பெரிதாக்க வேண்டுமென்றால், அங்கே துளை என்று ஒன்று இல்லை. வளையமாக நிற்கும் முக்கோணங்களே உள்ளன. பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை இவ்வாறு எதையேனும் வரைந்தால், மூலக்கோப்பையும் ஒரு படி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மென்பொருளில் வசதியிருந்தால் 'ஸ்டெப்' வடிவிலும் சேமிக்கலாம். 1994-இல் வெளிவந்த அப்பன்னாட்டுத் தரத்தில் வட்டம் வட்டமாகவும், விளிம்பு விளிம்பாகவும் எழுதப்படுகின்றன.