பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம்

பெரோவ்ஸ்கைட் வகைப் படிக அமைப்புள்ள ஈய ஹாலைடுகளைக் கொண்டு ஒளியை மின்சாரமாக்கும் மெல்லிய படலக் கலம். 1839இல் குஸ்தாவ் ரோசே யூரல் மலைக் கனிமமொன்றை விவரித்து, ருஷ்யப் பிரமுகர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தக் கனிமம் கால்சியம் டைட்டனேட்; அதற்கும் இன்றைய கலத்துக்கும் அணுக்களின் அடுக்குமுறை மட்டுமே பொது.

யோகோஹாமாவில் மியாசாகா குழு 2009இல் ஈய ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டை முதலில் மின்கலமாக்கியபோது திறன் 3.8%. கலத்திலிருந்த திரவ மின்பகுளியே படிகத்தைக் கரைத்ததால், அது சில நிமிடங்களுக்குமேல் நிலைக்கவில்லை. 2011இல் தென்கொரியாவின் நாம்-கியு பார்க் திறனை 6.5% ஆக்கினார், ஆயுள் கூடவில்லை. 2012இல் திரவத்துக்குப் பதில் திடப்பொருளொன்று வந்தது. பார்க், கிரேட்செல் குழுவினரின் கலம் 9.7% தந்து, 500 மணி நேரம் தாங்கியது. அது வெயிலில் உழைத்த நேரமன்று, அறைக்காற்றில் சும்மா இருந்த நேரம். ஆனாலும் இத்துறையின் உண்மையான தொடக்கம் இதுவே எனலாம். அதே ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஸ்நெய்த் குழு 10.9% எட்டியது.

கலம் கெடுவதற்குக் காரணங்கள் பல. ஈரம் படிகத்தைச் சிதைக்கிறது. சூட்டில் படிகத்திலுள்ள மெத்தில்அம்மோனியம் ஆவியாக வெளியேற, மஞ்சள் நிற ஈய அயோடைடு மிஞ்சுகிறது. அயோடைடு அயனிகள் இடம்பெயர்ந்து மின்முனையை அரிக்கின்றன. மெத்தில்அம்மோனியத்துக்கு மாற்றான ஃபார்மமிடினியம் வெப்பம் தாங்கும், கூடுதல் ஒளியையும் ஈர்க்கும்; ஆனால் அறை வெப்பநிலையில் ஒளியை நன்கு ஈர்க்காத மஞ்சள் வடிவத்துக்கு மாறிவிடும். லோசான் ஆய்வாளர்கள் 2016இல் இரண்டையும் கலந்து சிறிது சீசியம் சேர்த்தனர். படிகம் நிலைத்தது, திறனும் 21.1% ஆனது. படிகக் குறைகள் குறைந்தால் மின்னிழப்பும் சிதைவும் சேர்ந்தே குறையும் என்பதால், திறனையும் ஆயுளையும் தனித்தனிச் சிக்கல்களாகப் பார்ப்பது சரியன்று. பருத்த கரிம மூலக்கூறுகளால் மேற்பரப்பை மூடும் முறையும் இரண்டுக்கும் உதவுகிறது.

ஒற்றை அடுக்குக் கலங்கள் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. சிலிக்கான்மேல் பெரோவ்ஸ்கைட் அமைந்த இரட்டைக் கலத்தில் சீனாவின் லாங்கி நிறுவனம் 2024இல் 34.6% காட்டியது, தனிச் சிலிக்கானின் கோட்பாட்டு எல்லையே சுமார் 29% தான். இவை ஆய்வகத்துச் சிறு கலங்களின் கணக்கு. ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம் அதே ஆண்டு விற்பனைக்கு அனுப்பிய பலகைகளின் திறன் 24.5%.

பெரோவ்ஸ்கைட் ஆயுளில் ஈடுகொடுக்க வேண்டிய சிலிக்கான் பலகைகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது. 85 பாகை செல்சியஸ், 85% ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் தாங்குவது பலகைகளுக்கான சோதனைகளுள் ஒன்று. பகலில் சூடேறி இரவில் குளிரும் சுழற்சி வேறொரு சோதனை. கண்ணாடி உறை ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதோடு, பலகை உடைந்தால் நீரில் கரையக்கூடிய ஈயம் மண்ணில் இறங்காமலும் காக்க வேண்டும்.