மழைக்கு முன்னால் வரும் இலை

பங்குனியில் வல்லம் வடகால் சிப்காட் சாலையோரம் நடந்து பாருங்கள். புல் காய்ந்து கிடக்கும். சுற்றியிருக்கும் ஏரிகளில் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போயிருக்கும். புங்கமரம் மட்டும் பளபளன்னு புது இலையோட நிற்கும். வேம்பும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகைப் பெருமழைக்கு இன்னும் ஆறு மாசத்துக்கு மேல இருக்கு. எந்த தைரியத்துல இந்த மரங்கள் இப்ப துளிர்க்குது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது குளிர்நாட்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736 முதல் எந்த மரம் எந்த நாளில் இலை விட்டது என்று குறித்து வைத்தார். அவருடைய வாரிசுகள் அந்தப் பழக்கத்தை 1958 வரை விடவில்லை. அங்கே அந்தத் தேதி மரத்துக்குப் பெரிய விஷயம். சீக்கிரம் துளிர்த்தால் உறைபனி கருக்கிவிடும். தாமதித்தால் வெயில்காலத்தில் பாதி போய்விடும். 2007இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இதுதான் நடந்தது. மார்ச் மாதம் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்ததால் மரங்கள் முந்திக்கொண்டு துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி வந்து அந்த இளம் இலைகளைக் கருக்கியது. சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து அவை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

நமக்கு உறைபனி கிடையாது. அப்ப நம்ம மரத்துக்கு எதுக்கு இந்த அவசரம்? பதில் நம் மாநிலத்திலேயே கிடைத்தது. கே. எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் 1988 ஏப்ரல் முதல் 1990 ஆகஸ்ட் வரை முதுமலைக் காட்டில் இரண்டு இடங்களில் மரங்களைக் கவனித்தார்கள். யானை ஆய்வாளராக நாம் அறிந்த அதே சுகுமார்தான். அங்கே மரங்கள் வறண்ட காலத்திலேயே துளிர்க்கத் தொடங்கி, மழைக்கு முன்பே உச்சத்தை எட்டின. இலை தின்னும் பூச்சிகளோ மழையோடுதான் வந்தன. முந்தியோ, எல்லா மரங்களோடும் சேர்ந்தோ துளிர்த்த மரங்கள் தப்பித்தன. பிந்தித் துளிர்த்தவற்றின் இலைகள் கூடுதலாகத் தின்னப்பட்டன. 1993இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

கணக்கு எளிமையானது. இளம் இலை மெத்தென்று இருக்கும், சத்தும் அதிகம். பூச்சிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பூச்சி வருவதற்குள் இலை முற்றிவிட்டால் மரத்துக்கு லாபம். ஆண்டுக்காண்டு இலையை இழக்கிற மரத்தின் கையிருப்பு கரையும். அடுத்து வரும் வறட்சியைத் தாங்க அதனிடம் எதுவும் மிஞ்சாது.

ஆனால் மழையே இல்லாதபோது தண்ணீருக்கு எங்கே போவது? 2006இல் எலியட், பேக்கர், போர்ச்சர்ட் என்ற மூவர் ஆசியப் பருவமழைக் காடுகளின் இந்தப் புதிரைப் பற்றி எழுதினார்கள். பழைய இலையை உதிர்த்ததும் நீர்ச்செலவு குறைகிறது. ஆழத்து மண்ணில் தேங்கிய பழைய மழை வேர் வழியாக ஏறுகிறது. எப்போது துளிர்ப்பது என்பதைப் பல மரங்களுக்குப் பகல் நீளம்தான் சொல்கிறது. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். மரம் அதற்குள் அரைமணிக்கும் குறைவான மாற்றத்தைக்கூடப் படித்துவிடுகிறது.

ஆக, புங்கமரம் இரண்டு விஷயங்களை நம்பித் துளிர்க்கிறது. ஒன்று போன மழை. இன்னொன்று இருட்டு, வெளிச்சத்தின் கணக்கு.

இப்போது வல்லம் வடகாலுக்குத் திரும்பி வருகிறேன். சிப்காட் 1971இல் உருவானது. ஶ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. இங்கே ராயல் என்ஃபீல்டு ஆலை 2017இல் வந்தது. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. வேலை வந்தது, சம்பளம் வந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூடவே கான்கிரீட்டும் வந்தது, விடிய விடிய எரியும் விளக்கும் வந்தது. கான்கிரீட் மூடிய தரையில் மழை ஓடிப்போகும், இறங்காது. விளக்கு விஷயத்துக்கு மறுபடி இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். இரவில் வெளிச்சம் மிகுந்த இடங்களில் மரங்கள் ஒரு வாரம் வரை முன்னதாக மொட்டவிழ்த்ததை 2016இல் வந்த ஆய்வு காட்டியது. அதற்கான 13 ஆண்டுத் தகவலைத் திரட்டியவர்கள் பொதுமக்கள்.

நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு உடம்புக் கடிகாரம் குழம்பும் என்று நமக்குத் தெரியும். லீவு போட்டுத் தூங்கலாம். விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிற்கிற மரம் எங்கே போகும்? இங்கே சாலையோரம் கன்று நடும்போது எத்தனை கன்று என்று எண்ணுகிறோம். வேர் இறங்க எவ்வளவு மண் விட்டோம், ராத்திரி எவ்வளவு இருட்டு விட்டோம் என்றும் கேட்க வேண்டும்.

நமக்கும் ஒரு குறிப்பேடு உண்டு, எழுதப்படாத ஒன்று. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும் என்று வைத்தவர்கள், வேம்பு எப்போது பூக்கும் என்பதை அறிந்தே வைத்தார்கள். அதில் மாதம் இருக்கிறது, தேதி இல்லை. மரம் நாள் தவறினாலும் அந்தக் குறிப்பேட்டில் தெரியாது. அதனால் வரும் மாசியில் உங்கள் தெருவில் ஒரு புங்கமரத்தையோ வேம்பையோ தேர்ந்தெடுங்கள். முதல் துளிர் தெரிந்த நாளை ஃபோனில் குறித்து வையுங்கள். அடுத்த வருஷமும் குறியுங்கள். மார்ஷம் செய்ததும் அவ்வளவுதான்.