நவாபின் கடன் பத்திரங்களும் பிட்காயினும்

பிட்காயின் என்பது பணமா, பண்டமா, அல்லது சூதாட்டக் காயா என்னும் வழக்கு இன்று நம் இல்லங்களின் கூடத்திலேயே நடைபெறுகிறது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பொருளீட்டும் பிள்ளைகள் அதைப் பற்றித் தொலைபேசியில் பேசுகிறார்கள். "கண்ணால் காணாத காசு ஒரு காசா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "வங்கியில் கிடக்கும் பணத்தை மட்டும் கண்ணால் கண்டீர்களா, அத்தா?" என்று மறுமொழி வருகிறது. இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் உண்டு. கருவி புதியது என்பதில் ஐயமில்லை. வழக்கு மட்டும் மிகப் பழையது. அதன் பழைய வடிவத்தைக் காண விரும்புவோர் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்று, திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலில் சற்று நிற்க வேண்டும்.

1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் களத்தில் வீழ்ந்தார். அவருடைய மைந்தர் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் வந்து அடைக்கலம் புகுந்தார். பிரெஞ்சுக்காரரின் துணையோடு சந்தா சாகிபு கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே நவாபுக்குப் பட்டம் இருந்தது. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. அந்நிலையில் அவர் மைசூர் அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த நஞ்சராஜாவிடம் உதவி வேண்டினார். உதவிக்கு ஈடாக, வெற்றி கிட்டியதும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையையே தந்துவிடுவதாக வாக்களித்தார். 1752இன் தொடக்கத்தில் மைசூர்ப் படை வந்து சேர்ந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் ஸ்ரீரங்கத் தீவில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் தேடிய சந்தா சாகிபு கொல்லப்பட்டார். முற்றுகை நீங்கியது. நஞ்சராஜா கோட்டையைக் கேட்டார். நவாபோ, கோட்டை டில்லிப் பேரரசருக்கு உரியது, தாம் அவருடைய பிரதிநிதி மட்டுமே, தமக்குரியதல்லாததைத் தாம் எங்ஙனம் கொடுக்க இயலும் என்றார். இந்தச் சட்ட நுணுக்கம் வாக்களித்தபோது அவர் நினைவுக்கு வரவில்லை போலும்! ஏமாற்றமடைந்த நஞ்சராஜா பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்துகொண்டு ஸ்ரீரங்கத்தையே தம் பாசறையாக்கி, 1755 வரை திருச்சிராப்பள்ளியை வருத்தினார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தத் தீவும், சுற்றிலும் உள்ள வயல்களும், ஒரு வாக்குறுதியின் பொருட்டு மேலும் மூன்றாண்டுகள் போர்க்களமாயின. அந்த மைசூர்ப் படையில் ஹைதர் அலியும் இருந்தார் என்பதைக் கருதினால், அந்த வாக்குறுதியின் விலை மூன்றாண்டுகளோடு தீரவில்லை என்பது விளங்கும்.

ஒரே பொருளைத் தம்முடையது என்று ஒருவருக்கு வாக்களித்துவிட்டுப் பின்னர் அது பிறருடையது என்று கூறிய இந்நிகழ்ச்சியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பிட்காயின் தீர்க்க முயன்ற சிக்கல் இதுவேயாகும்.

போர் ஓய்ந்த பின்னும் நவாப் முகம்மது அலி வாலாஜாவின் கடன் ஓயவில்லை. கம்பெனிக்குப் போர்ச் செலவு கொடுக்க வேண்டும். கொடுப்பதற்குக் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதையும் தாண்டியது. பிற்காலத்தில் அது இறங்கியபோதும், ஏறியிருந்த வட்டி முதலோடு சேர்ந்துவிட்டது. வட்டியை விலக்கிய மார்க்கத்தைச் சேர்ந்த ஓர் அரசர் தென்னாட்டின் மிகப் பெரிய வட்டிக் கடனாளியானார் என்பது நம் வரலாற்றின் வருந்தத்தக்க ஏடுகளுள் ஒன்று. அவர் எழுதிக் கொடுத்த பத்திரங்கள் சென்னையில் கைமாறின. விலைக்கு வாங்கி விற்கப்பட்டன. நவாபைக் கண்ணால் கண்டிராதவரும், என்றேனும் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் அவற்றை வாங்கி வைத்தனர்.

1764இல் கம்பெனியின் பணியாளராகச் சென்னைக்கு வந்த பால் பென்பீல்டு என்பவரின் கதை இதில் தனிச் சிறப்புடையது. சில நூறு பவுன் சம்பளக்காரரான இவர், 1776இல் தமக்கு நவாப் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பவுன் கடன்பட்டிருப்பதாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சாவூரின் விளைச்சல் தமக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருப்பதாகவும் கூறினார். தஞ்சையோ அதற்குள் கம்பெனியின் ஆணைப்படி அதன் அரசரிடம் திருப்பி அளிக்கப்பட்டுவிட்டது. ஒரே விளைச்சலுக்கு இரண்டு உரிமையாளர்! இந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்த சென்னை ஆளுநர் பிகட் பிரபுவை 1776 ஆகஸ்டில் அவருடைய ஆலோசனைச் சபையினரே சிறைப்படுத்தினர். 1777 மே மாதம் காவலிலேயே அவர் உயிர் துறந்தார். ஒரு கணக்கு வழக்கு ஆளுநர் ஒருவரைப் பலிகொண்டது.

1784இல் லண்டனில் இருந்த கண்காணிப்பு வாரியம், இக்கடன்களை விசாரணையின்றியே தீர்க்குமாறு கட்டளையிட்டது. ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வராகன் இதற்கென ஒதுக்கப்பட்டது. 1785 பிப்ரவரி 28இல் எட்மண்டு பர்க் பாராளுமன்றத்தில் எழுந்து இதனைக் கடுமையாகக் கண்டித்தார்; பயன் ஏதும் விளையவில்லை. 1795இல் நவாப் சென்னையில் மறைந்து, திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டார். 1801இல் கர்நாடகம் கம்பெனியின் ஆட்சிக்குள் சென்றது. எஞ்சிய கோரிக்கைகளை ஆராய 1805இல் ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். இருபத்தைந்து ஆண்டுகள் அவர்கள் பத்திரங்களைப் புரட்டினார்கள். கோரப்பட்ட தொகை மூன்று கோடிப் பவுனுக்கும் மேல். உண்மையென ஏற்கப்பட்டதோ ஏறத்தாழ இருபத்தேழு லட்சம் பவுன். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! எஞ்சியவை பொய்ப் பத்திரங்களும், மெய்ப்பிக்க முடியாத பத்திரங்களுமே. எந்தப் பத்திரம் யாருக்கு, எப்போது, எத்தனை முறை எழுதப்பட்டது என்பதை எல்லாரும் கண்டு தெளியக்கூடிய ஒரே பேரேடு இல்லாததால் நேர்ந்த கேடு இது.

இனிப் பிட்காயினுக்கு வருவோம். 2008 அக்டோபர் 31இல் சத்தோஷி நாக்கமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். கணிப்பொறியில் உள்ள எதையும் படியெடுக்கலாம். அவ்வாறாயின் ஒரே காசை இருவருக்குக் கொடுப்பதை எப்படித் தடுப்பது என்பதே அதன் வினா. வங்கி நடுவில் இருந்தால் அது தன் பேரேட்டைப் பார்த்துத் தடுத்துவிடும். வங்கி இல்லாமல்? பேரேட்டை ஒருவரிடம் ஒப்படைக்காமல் எல்லாரிடமும் ஒவ்வொரு படி கொடுத்துவிடுவது என்பதே விடை. 2009 ஜனவரி 3இல் இப்பேரேட்டின் முதல் ஏடு எழுதப்பட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு புதிய ஏடு சேர்கிறது. ஒவ்வோர் ஏடும் முந்திய ஏட்டின் முத்திரையைத் தன்னுள் தாங்கியிருப்பதால், பழைய ஏட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்வரும் எல்லா முத்திரைகளும் பொய்த்துப் போகும். திருத்த விரும்புபவன் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான படிகளோடு போட்டியிட வேண்டும்.

ஏட்டை எழுதும் உரிமைக்காக மாபெரும் கணிப்பொறிகள் மின்சாரத்தைச் செலவிட்டுப் போட்டியிடுகின்றன. வென்றவருக்குப் புதிய காசுகள் பரிசாகக் கிடைக்கின்றன. இவர்களை மைனர்கள் என்று அழைக்கிறார்கள். சுரங்கம் அகழ்வோர் என்பது பொருள். (நம் ஊர்ப் பழைய மைனர்கள் காசை அழித்தவர்கள், இவர்கள் காசை ஆக்குபவர்கள்!) தொடக்கத்தில் ஏடு ஒன்றுக்கு 50 காசு கிடைத்தது. நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 முதல் 3.125 ஆகிவிட்டது. மொத்தம் இரண்டு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் என்றும் வராது.

இத்தகைய பேரேடு 1752இல் இருந்திருப்பின், கோட்டை தமக்குரியதா என்பதை நஞ்சராஜா முன்னரே பார்த்துத் தெளிந்திருப்பார். பென்பீல்டின் பத்திரத்தை ஒரு நாழிகையில் சரிபார்த்திருக்கலாம். இந்த அளவில் பிட்காயினின் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் சிறப்பு அந்த அளவில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பேரேடு பொய் சொல்லாது. பேரேட்டுக்கு வெளியே நிற்கும் மனிதன் பொய் சொல்லலாம். நம் மக்களில் மிகப் பலர் பிட்காயினைத் தம் கையில் வைத்துக்கொள்வதில்லை. சந்தை நடத்தும் நிறுவனத்திடம் விட்டு வைக்கிறார்கள். 2014இல் ஜப்பானில் மவுண்ட் காக்ஸ் என்னும் சந்தை சாய்ந்தபோது ஏறத்தாழ எட்டரை லட்சம் பிட்காயின்கள் காணாமற் போயின. இரண்டு லட்சம் பின்னர்க் கிடைத்தன. 2024 ஜூலையில் நம் நாட்டின் வாசிர்எக்ஸ் சந்தையிலிருந்து இருபத்துமூன்று கோடி டாலர் மதிப்புள்ள எண்ம நாணயங்கள் திருடப்பட்டன. இவ்விரண்டிலும் பிட்காயினின் பேரேடு உடையவில்லை. காவல்காரரின் பெட்டியே உடைந்தது. இன்னொரு வகையும் உண்டு. மாதம் நூற்றுக்குப் பத்து இலாபம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டிய கெயின்பிட்காயின் வழக்கு நாடறிந்தது. அத்தகைய திட்டங்களில் பிட்காயின் என்பது பெயரளவில் மட்டுமே. ஏறும் விலையைக் காட்டி ஒருவர் மற்றவரைச் சேர்த்துவிடும்போது, உறவும் பள்ளிவாசல் நட்பும்கூடப் பிணையாகிவிடுகின்றன. போன சேமிப்புப் பெரும்பாலும் மகளின் திருமணத்துக்கு வைத்திருந்ததாகவே இருக்கும்.

பணமா என்ற வினாவுக்கு மார்க்க அறிஞர்களின் ஏடுகளில் பழைய அடிச்சுவடுகள் உள்ளன. கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒட்டகத் தோலால் திர்ஹம் செய்ய எண்ணியதாகவும், அவ்வாறு செய்தால் ஒட்டகமே மிஞ்சாது என்று பிறர் கூறியதால் கைவிட்டதாகவும் பலாதுரி எழுதியுள்ளார். மக்கள் தோலையே நாணயமாக ஏற்று வழங்கத் தொடங்கினால், பொன் வெள்ளிக்குரிய மாற்று விதிகள் அதற்கும் பொருந்தும் என்னும் கருத்து இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுடையது. எனவே, பொன்னும் வெள்ளியும் அல்லாதது பணமாகவே முடியாது என்று கூறுவோர் முன்னோரின் நூல்களை முழுதும் பார்க்கவில்லை என்றே கருதுகிறேன். அதே வேளையில், பணம் பிறபொருள்களின் மதிப்பைக் காட்டும் கண்ணாடி போன்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கியதையும் நினைக்க வேண்டும். 2021 நவம்பரில் அறுபத்தொன்பதாயிரம் டாலரை எட்டிய பிட்காயின், ஓராண்டில் பதினாறாயிரத்துக்கும் கீழே இறங்கியது; 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இப்படி ஆடும் கண்ணாடியில் எந்த முகத்தைப் பார்ப்பது?

ஆலிம் பெருமக்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எகிப்தின் தலைமை முப்தி 2018இன் தொடக்கத்தில் இவ்வணிகம் கூடாது என்று பத்வா அளித்தார். மலேசியாவின் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. இந்தோனேசிய உலமாக்கள் சபை 2021 நவம்பரில், நாணயமாக வழங்குவது ஹராம் என்றும், தெளிவான அடிப்படையும் பயனும் உடைய பண்டமாயின் விற்கலாம் என்றும் பகுத்துரைத்தது. மறுப்போர் அறியாமையும் சூதும் கலந்த பேரம் என்கின்றனர். ஏற்போர் மக்கள் வழக்கே பொருளுக்கு மதிப்பைத் தருகிறது என்கின்றனர். விலை ஏறும் என்ற ஆசை ஒன்றையே கொண்டு, பொருள் இன்னதென்று அறியாமல் கடன் வாங்கி இதில் இறங்குவதை எத்தரப்பினரும் ஆதரிக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் பிட்காயின் செல்லுபடியாகும் நாணயமன்று. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இவ்வணிகத்துக்கு வங்கிகளின் கதவை அடைத்தது; 2020 மார்ச் 4இல் உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையைத் தள்ளுபடி செய்தது. 2022 முதல் இலாபத்தில் நூற்றுக்கு முப்பது வரி வசூலிக்கப்படுகிறது. வரி வாங்குவதால் அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கூறுவோர் உளர். அவ்வாறு பொருள்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், வாசிர்எக்ஸ் பற்றிய வழக்கொன்றில், எண்ம நாணயம் கையால் தொடக்கூடியதும் அன்று, பணமும் அன்று. ஆயினும் உரிமை கொண்டாடத்தக்க சொத்தேயாகும் என்று கூறியது.

சொத்து என்றால் சகாத்தும் வாரிசுரிமையும் பின்தொடர்கின்றன. வணிகச் சரக்காகக் கொள்வோர், ஆண்டு நிறைவில் உள்ள மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு கணக்கிடுகிறார்கள், இது எளிது. வாரிசுரிமைதான் கடினம். வாலாஜா நவாபின் கடன்கள் அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தன. பத்திரம் வைத்திருந்தவர் எல்லாரும் கதவைத் தட்டினர். பிட்காயினிலோ நேர்மாறு. உரியவர் அறிந்திருந்த பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு இரகசியச் சொற்கள் அவரோடு போய்விட்டால், காசு பேரேட்டில் எல்லாரும் காணக் கிடக்கும். எவரும் எடுக்க முடியாது. கனடாவில் இத்தகைய சந்தை ஒன்றை நடத்தியவர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தபோது, சாவிச் சொற்கள் அவரோடு போய்விட்டதாக வாடிக்கையாளர்களிடம் கூறப்பட்டது. பின்னர் நடந்த விசாரணையில், அவர் அப்பணத்தில் பெரும்பகுதியை முன்னரே சூறையாடியிருந்தார் என்பது வெளிப்பட்டது.

பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று எழுதிக் கொடுக்க ஆலிம்கள் இருக்கிறார்கள். பங்கிட வேண்டிய பொருள் எங்கே என்று தெரிந்தால்தானே கணக்கு? வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. பிட்காயினின் பேரேட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. அச்சொற்களை உறையிலிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கும் குடும்பங்கள் சில இப்போது உருவாகி வருகின்றன.