மரை கழலாத கதை

கிறுக்கனை 'மரை கழண்டவன்'னு சொல்லுவோம். கம்ப்யூட்டர் பெட்டியில மரை கழலலைன்னா கிறுக்கு பிடிக்கிறது நமக்குத்தான். அதுக்காக உங்க கையை நீங்களே திட்டிக்காதீங்க மக்களே, இதுக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்கு.

பெட்டிக்குள்ள ரெண்டு வகை ஸ்க்ரூ உண்டு. கேபினெட் மூடி, பவர் சப்ளை, 3.5 அங்குல ஹார்ட்டிஸ்க் எல்லாத்துக்கும் 6-32. அதாவது அங்குலத்துக்கு 32 மரை, தடிமன் சுமார் 3.5 மி.மீ. சிடி டிரைவுக்கும் லேப்டாப் டிஸ்க்குக்கும் எம்3. தடிமன் 3 மி.மீ., மரைக்கு மரை அரை மி.மீ. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா எம்3 ஓட்டையில 6-32ஐ விட்டு முறுக்கினா கடிச்சுக்கிட்டு நின்னுடும்.

ஏன் ரெண்டு? பிரிட்டன்ல 1841ல விட்வொர்த் போட்ட மரை 55 டிகிரி. அமெரிக்காவுல 1864ல செல்லர்ஸ் போட்டது 60 டிகிரி. ரெண்டாம் உலகப்போர்ல ஒருத்தர் பாகம் இன்னொருத்தருக்குப் பொருந்தாம திண்டாடி, 1948ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் ஒரே மரைக்கு ஒத்துக்கிட்டாங்க. அப்பவும் அங்குலத்தை விடலை. 1981ல வந்த ஐபிஎம் பிசி அந்த அங்குல நாட்டுப் பிள்ளை. பின்னால அதுக்குள்ள குடியேறின டிரைவ்கள்ல நிறைய, மீட்டர் கணக்குல பழகின ஜப்பான் சரக்கு. விழிதியூர்க்காரனுக்கு இந்த ரெட்டைக் குடித்தனம் புதுசில்ல. எங்க பக்கம் 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி, சுத்தி 1947 வரைக்கும் இங்கிலீஷ்காரன் ஜில்லா :-)

அடுத்த வில்லன், தலையில இருக்கிற பிளஸ் குழி. ஹென்றி பிலிப்ஸ் 1936ல பேட்டன்ட் வாங்கினது. குழியோட சுவர் சரிவா இருக்கும். அதனால முறுக்க முறுக்க திருப்புளி மேல ஏறி நழுவும், விளிம்பைத் தின்னும். வெறும் முறுக்கு போதாது, அமுக்கமும் வேணும்.

எங்க ஊர்ல மூணாவதா உப்புக்காத்து. பெரியம்மா வீட்டுப் பழைய டெஸ்க்டாப்ல அக்கா கல்யாணப் படம் மொத்தமும் மாட்டிக்கிச்சு, வேற காப்பி கிடையாது. ஹார்ட்டிஸ்க்கைப் பிடிச்ச நாலு ஸ்க்ரூவுல ஒண்ணு துரு ஏறி, தலை மழுங்கியிருந்தது. சர்வீஸ் கடையில "தூக்கிப் போடுங்க"ன்னுட்டாங்க. குழிக்குள்ள கச்சிதமா உக்கார்ற பிஎச்2 பிட், நடுவுல அகல ரப்பர் பேண்ட் ஒரு துண்டு, மேல உடம்பு கனம் மொத்தமும். முதல்ல இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழட்டுற பக்கம். 'டக்'னு ஒரு சத்தம். டிஸ்க் மேல சுத்தியலால தட்டாதீங்க, பக்கத்துல எண்ணெயும் விடாதீங்க. லேப்டாப்ல நீலப்பசை போட்ட ஸ்க்ரூன்னா சால்டரிங் அயர்ன் முனையை தலையில கொஞ்ச நேரம் வச்சா பசை இளகும்.

படம் 1,100 சொச்சம் தேறிச்சு. துருப்பிடிச்சதைத் தூக்கிப் போட்டுட்டு, புது 6-32 போட்டாச்சு.