விளக்கு வைக்கும் நேரம்: வீட்டு ஒளியும் மனநிலையும்

அந்திப்பொழுதைத் தமிழில் ‘விளக்கு வைக்கும் நேரம்’ என்கிறோம். பகல் முடிந்ததை வீடு அறிவித்த கணம் அது. அறிவித்த விளக்கோ மிகச் சிறியது. மெழுகுவத்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கிடைப்பது ஏறத்தாழ 1 லக்ஸ் ஒளி. நண்பகலில் முற்றத்தில் இறங்கி நின்றால் 1,00,000 லக்ஸ் வரை கிடைக்கும். முற்றம் வைத்த வீட்டில் வாழ்ந்தவர்களின் கண்கள் இவ்விரு எல்லைகளையும் நாள்தோறும் கண்டன. வீட்டு ஒளிக்கும் மனநிலைக்கும் உள்ள உறவை அறிவியல் கண்டறிந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், விளக்கின் பிரகாசத்தைவிட இந்தப் பகல், இரவு வேறுபாடே முதன்மையானது என்பது என் துணிபு.

நோயாளிக்குத் தூய காற்றுக்கு அடுத்த தேவை வெளிச்சம் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதினார். நோயாளிகள் ஒளி வரும் பக்கமே முகம் திருப்பிப் படுப்பதையும் அவர் கவனித்திருந்தார். காரணம் சொல்லும் அறிவியல் அன்று இல்லை. 1879-இல் எடிசனின் கார்பன் இழை பல்பும் 1938-இல் டியூப் லைட்டும் வந்தன. 40 வாட் குண்டு பல்பு சுமார் 400 லூமன் ஒளி தந்தது. அதே 40 வாட்டில் டியூப் லைட் 2,000 லூமனைத் தாண்டியது. பொறியாளர்கள் கேட்டதெல்லாம் ‘எவ்வளவு வெளிச்சம்’ என்பதுதான். ‘எப்போது’ என்ற கேள்வி வேறொரு துறையிலிருந்து வர வேண்டியிருந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் 1958-இல் மாட்டின் பீனியல் சுரப்பியிலிருந்து மெலட்டோனினைப் பிரித்தெடுத்தார். இருட்டில் சுரந்து உடலுக்கு இரவை உணர்த்தும் ஹார்மோன் அது. விலங்குகளில் ஒளி பட்டால் அதன் சுரப்பு நிற்கும். மனிதரிடம் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை. 1980-இல் ஆல்ஃபிரட் லூயி குழுவினர் 2,500 லக்ஸ் ஒளியைக் கொண்டு மனிதரிலும் அது நிற்பதைக் காட்டினார்கள். விலங்குகளைவிட மனிதருக்கு அதிக ஒளி தேவைப்பட்டது. அதற்குள் ஒரு பொறியாளர், ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தன்னை அழுத்திய மனச்சோர்வைப் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்து, அந்தக் குறிப்புகளுடன் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தை அணுகியிருந்தார். காலையிலும் மாலையிலும் பிரகாசமான விளக்கின் முன் அமர வைத்தபோது சில நாள்களிலேயே அவருடைய சோர்வு விலகியது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைப்பது இதுதான்: தன் துயரத்தைத் தேதிவாரியாக எழுதி வைத்த ஒரு நோயாளியின் பொறுமையும் ஒரு துறைக்கு வழி திறந்தது. 1984-இல் நார்மன் ரோசந்தால் குழுவினர் பருவகால மனச்சோர்வை ஒரு தனி நோய்நிலையாக விவரித்தனர்.

மெலட்டோனினை நிறுத்தும் இந்த ஒளியைக் கண்ணில் எந்தப் பகுதி உணர்கிறது? பார்வையை முற்றிலும் இழந்த சிலரிடமும் ஒளி மெலட்டோனினைக் குறைப்பதை 1995-இல் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் கண்டனர். 1998-இல் இக்னேசியோ புரோவென்சியோ தவளைத் தோலில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதத்தைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டு ஒளியைத் தாமாகவே உணரும் நரம்பணுக்கள் விழித்திரையில் இருப்பது 2002-இல் உறுதியானது. உருவங்களைக் காட்டுவதைவிடப் பொழுதைச் சொல்வதே இவற்றின் முதல் வேலை. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி இவற்றை அதிகம் தூண்டும். இன்றைய வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சில்லு; அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாக்குகிறது.

அடுத்து ஆய்வு வீட்டுக்குள் வந்தது. உறங்கப்போகும் முன் 200 லக்ஸுக்கும் குறைவான சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தாலே மெலட்டோனின் சுரக்கும் காலம் ஒன்றரை மணி நேரம் சுருங்குவதை 2011-இல் ஜோஷுவா கூலி குழுவினர் காட்டினர். 2023-இல் பிரிட்டனில் 86,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், இரவில் அதிக வெளிச்சத்தில் இருந்தவர்களிடம் மனச்சோர்வு மிகுந்தும், பகலில் அதிக ஒளி பெற்றவர்களிடம் குறைந்தும் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. மனம் சோர்ந்தவர் தூக்கமின்றி விளக்கைப் போட்டுக்கொண்டும் விழித்திருக்கலாம்.

உலகின் வடகோடி நாடுகளின் குளிர்காலச் சோர்வை அப்படியே நம்மேல் ஏற்றிப் பார்ப்பது தவறு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நம் சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. வெயிலுக்கு அஞ்சி ஜன்னலை அடைத்துத் திரையும் போட்ட அடுக்குமாடி வீட்டில் பகலே மங்கிவிடுகிறது. இரவிலோ நீலச் சாயல் கொண்ட 6,500 கெல்வின் டியூப் லைட் பதினொரு மணி வரை எரிகிறது. 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் எல்இடியை எளிய வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது. மின்சாரம் மிச்சமானது பெரிய நன்மை. ஒளியின் நிறம் பற்றிய பேச்சு மட்டும் அதோடு சேர்ந்து வரவில்லை.

2022-இல் பன்னாட்டு வல்லுநர்கள் வெளியிட்ட பரிந்துரை, மெலனாப்சின் உணரும் அளவில், பகலில் குறைந்தது 250 லக்ஸும், உறங்கும் முன் மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்கு மிகாமலும், உறக்கத்தில் அதிகபட்சம் 1 லக்ஸுமாக ஒளி இருக்க வேண்டும் என்கிறது. இதை அளக்க வேண்டிய இடம் கண். மேசையோ புத்தகமோ அல்ல. நம் கூடங்களில் டியூப் லைட்டைச் சுவரில் மூடியில்லாமல் மாட்டுகிறோம்; எதிரே சோபாவில் அமர்பவரின் கண்ணில் அது நேராகவே படுகிறது.