லைக்காவும் கொண்டாக்ஸும்: ஒரு தெரிவின் வரலாறும் ஊவாத் தோட்டங்களும்

ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே பணிக்கெனத் தோன்றிய இரு கருவிகளுள் எது சிறந்தது என்ற வினா வணிகர்க்கும் பொழுதுபோக்காளர்க்கும் மட்டுமே உரியதென்று நாம் ஒதுக்கிவிடுவதுண்டு. வரலாற்று மாணவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். ஆயினும், 1932 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் எழுந்த அத்தகைய வினா ஒன்று, அடுத்த இருபது ஆண்டுகளில் உலகம் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட முறையை ஓரளவுக்கேனும் தீர்மானித்தது. லைக்காவா, கொண்டாக்ஸா என்பதே அவ்வினா. அதனை ஆராய்வதோடு, ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் அக்கருவிகளின் எந்தப் பக்கத்தில் நின்றனர் என்பதை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் நிழற்படக்கலை இவ்விரு கருவிகளுக்கும் மிக முந்தியது. இங்கிலாந்திற் பெரும்புகழ் பெற்ற யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 இல் தம் கணவரோடு இங்கு வந்து குடியேறி, 1879 இல் டிக்கோயாவில் இறக்கும்வரை இந்நாட்டவரைப் படம் எடுத்தார். அவர் கணவர் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளர். அம்மையார் கையாண்டது ஈரக் கண்ணாடித் தகட்டு முறையாகும். தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது உலருமுன் படம் எடுத்து, உடனே இருட்டறையிற் கழுவிவிட வேண்டும். இத்தகைய முறையில் எடுக்கப்படுபவர் அசையாது நிற்பது கட்டாயம். அவருடைய இங்கிலாந்துப் படங்களில் டெனிசனும் டார்வினும் பெயரோடு நிற்கின்றனர். இலங்கைப் படங்களிலோ தொழிலாளரும் கிராமத்தவரும் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

அசையாது நிற்கவேண்டும் என்ற கட்டளையை உடைத்தது லைக்கா. வெற்ஸ்லர் நகரில் நுணுக்குக்காட்டிகள் செய்துவந்த லைற்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒஸ்கார் பார்ணாக், ஈழை நோயினால் பாரமான தகட்டுக் கருவிகளைச் சுமக்க இயலாதவர். சினிமாவுக்கு வழங்கிய 35 மில்லிமீற்றர் படச்சுருளைக் கொண்டு, சட்டைப் பையில் அடங்கும் கருவி ஒன்றை 1914 அளவில் அவர் செய்தார். முதலாம் உலகப் போரும் அதன் பின்வந்த பொருளாதாரச் சீரழிவும் அதனைத் தடுத்துவைத்தன. 1925 இல் லைப்சிக் சந்தையிலேதான் அது விற்பனைக்கு வந்தது. (பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது அதற்கு முந்திய ஆண்டில்.) 1930 இல் வில்லையைக் கழற்றி வேறு வில்லையை மாட்டும் வசதி வந்தது. 1932 இல் இரண்டாம் லைக்கா வெளிவந்தது. தூரத்தை அளக்கும் தூரமானியை வில்லையோடு அது இணைத்திருந்தது.

அதே 1932 இல் எதிரியும் களத்தில் இறங்கிற்று. நான்கு நிறுவனங்களை இணைத்து 1926 இல் உருவாக்கப்பட்ட சைஸ் இக்கொன் என்னும் பெருநிறுவனம், டிறெஸ்டன் நகரிலிருந்து கொண்டாக்ஸை வெளியிட்டது. பார்ணாக் லைற்ஸிற் சேருமுன் வேலை செய்த இடம் சைஸ் என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

வெளியிற் பார்ப்போர்க்கு இரண்டும் உடன்பிறந்தவை போலவே தோன்றின. 24க்கு 36 மில்லிமீற்றர் என்ற அதே படச்சட்டம், மாற்றக்கூடிய வில்லைகள், இணைந்த தூரமானி. ஆனால் உள்ளே இரு வேறு மனங்கள் வேலை செய்தன. இறப்பர் பூசிய துணித்திரை கிடையாக ஓடுவதே லைக்காவின் முறை. (மொனராகலை மாவட்டத்து இறப்பரைப் பற்றி அறிந்தவனுக்கு, அத்துணியில் எந்நாட்டு மரத்தின் பால் இருந்தது என்று கேட்கத் தோன்றும், அதற்கு விடை தேடுவது வீண்.) கொண்டாக்ஸிலோ பித்தளைத் தகடுகளாலான திரை மேலிருந்து கீழாக ஓடிற்று. அது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் தந்தபோது, லைக்கா ஐந்நூற்றில் ஒரு பங்கோடு நின்றது. கொண்டாக்ஸின் தூரமானிச் சாளரங்கள் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் அகன்று நின்றமையால் தூரத்தை அது நுட்பமாக அளந்தது. லைக்காவில் அவ்விடைவெளி 4 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. லைக்காவின் வில்லையைத் திருகித் திருகிக் கழற்றவேண்டும். கொண்டாக்ஸின் வில்லை சிறு திருப்பிலேயே கழன்றது. லைக்காவுக்குப் படச்சுருளை அடிப்பக்கத்தால் நுழைக்கவேண்டும். அதன் நுனியையும் நீளமாக வெட்டிவைக்க வேண்டும். கொண்டாக்ஸின் பின்பக்கம் முழுவதுமே கழன்று வந்தது.

வில்லைகளில் நிலைமை இன்னும் தெளிவு. சைஸுக்காக லுட்விக் பேர்ட்டலே வகுத்த சொனார் வில்லை மூன்றே தொகுதிகளில் அமைந்தது. கண்ணாடிமீது மேற்பூச்சுப் பூசும் முறை பரவாத அந்நாளில், காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் எத்துணை மிகுந்தனவோ அத்துணை ஒளி உள்ளேயே சிதறிப் படத்தை மங்கச் செய்யும். லைற்ஸின் சுமார் வில்லையில் அத்தகைய பரப்புகள் எட்டு, சொனாரில் ஆறு. ஆகவே பட்டியலிட்டு நோக்குவோர்க்குக் கொண்டாக்ஸே வென்றிருக்கவேண்டும். 1936 இல் வந்த இரண்டாம் கொண்டாக்ஸ், பார்வைச் சாளரத்தையும் தூரமானியையும் ஒன்றாக்கி, 1250 இல் ஒரு பங்கு வேகத்தையும் தந்தது. லைக்கா அவ்வசதியைப் பெற 1954 வரை, அதாவது எம்3 வரும்வரை, காத்திருக்க நேர்ந்தது.

எனினும் கருவியைப் பட்டியல் கொண்டு அளத்தல் போதாது என்பதே என் கருத்து. முதலாம் கொண்டாக்ஸ் அடிக்கடி பழுதுற்றது. 1936 வரை அதனைத் திரும்பத் திரும்பத் திருத்தவேண்டியிருந்தது. அதன் தகட்டுத் திரையைத் தாங்கிய பட்டு நாடாக்கள் தேய்ந்து அறுந்தன. அவற்றை மாற்றுவதற்குக் கைதேர்ந்தவனே வேண்டும். லைக்காவின் குறை வேறு வகையானது. வில்லையை மூடாது சூரியனை நோக்கி வைத்தால் துணித்திரையிற் பொத்தல் விழும். வெல்லவாயாவிலிருந்து மொனராகலை வரையுள்ள வெயிலை அறிந்தவர்க்கு இது சிறு குறையன்று. ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையில் இரு கருவிகளுக்கும் ஒரே பகை உண்டு. ஈரத்தில் வில்லைக்குள் வலைபோற் படரும் பூஞ்சணத்துக்கு லைற்ஸும் ஒன்றே, சைஸும் ஒன்றே. இத்தகைய இடத்தில் எளிய அமைப்புடையதே நீண்டநாள் உழைக்கும். ஆதலின், தெரிவு என்னுடையதாயின் லைக்காவையே தெரிவேன்.

இரண்டுக்கும் பெருந்தொண்டர்கள் வாய்த்தனர். 1944 யூன் 6 இல் நோர்மண்டிக் கடற்கரையில் றொபேட் கப்பா கொண்டாக்ஸையே ஏந்தினார். ஹென்றி கார்ட்டியே பிறெசோன் லைக்காவோடு 1948 சனவரியில் டில்லியில் இருந்தார். காந்தியடிகள் கொல்லப்படுவதற்குச் சற்று முன் அவரைப் படமெடுத்து, பின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார். நம் நாட்டில் லயனல் வென்ற் இச்சிறு கருவியின் ஆற்றலை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர். 1944 இல் அவர் மறைந்தபின், 1950 இல் அவர்தம் படங்கள் நூலாக வெளிவந்தன.

போட்டியைத் தீர்த்தது திறனன்று, போர். 1945 பெப்ரவரியில் டிறெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. எஞ்சிய கொண்டாக்ஸ் உற்பத்தி இயந்திரங்களைச் சோவியத் அரசு போர் இழப்பீடாகக் கொண்டுசென்று, கியேவ் நகரில் அதே கருவியை வேறு பெயரில் 1980கள் வரை செய்வித்தது. வெற்ஸ்லர் அமெரிக்கர் வசப்பட்டது. அங்கே தொழிற்சாலை பெருஞ்சேதமின்றி நின்றது. யப்பானியரோ இருவரிடமும் கற்றனர். 1948 இல் வந்த முதல் நிக்கொன், கொண்டாக்ஸின் வில்லைப் பூட்டையும் வெளித் தோற்றத்தையும் கொண்டு, திரையை மட்டும் லைக்காவின் வழியில் துணியால் அமைத்துக்கொண்டது. சைஸ் இக்கொன் 1972 இல் கருவி செய்வதையே நிறுத்திற்று.

மேலே 1948 என்ற ஆண்டு இருமுறை வந்தது. மூன்றாம் முறையும் அதனைச் சொல்லவேண்டியுள்ளது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டமே மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதன்பின் ஒருவன் தான் யார் என்பதைத் தாளினாலே நிறுவவேண்டியவன் ஆனான். 1964 ஒக்ரோபர் 30 இற் கைச்சாத்தான சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இன் ஒப்பந்தம் இருநாட்டுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். பின்னர் 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்கும் படம் வேண்டும்.

1929 இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணின் நாட்கூலி 54 சதம், பெண்ணின் கூலி 43 சதம். லைக்காவா கொண்டாக்ஸா என்ற தெரிவு அக்கூலிக்குரியோரின் வாசலை அணுகியதில்லை. அவர்கள் கருவியின் பின்னே நின்று பார்த்தவரல்லர். அதன் முன்னே நிறுத்தப்பட்டவர். கைக்கடக்கமான கருவி உலகெங்கும் மனிதரை அசையவும் சிரிக்கவும் விட்ட அதே காலத்தில், எங்கள் லயன்களில் வாழ்ந்தோர்க்குப் படம் என்பது கமரன் அம்மையார் காலத்து நிலையிலேயே நின்றது: நேரே பார், அசையாதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இப்படங்களுக்குப் பெயர் எழுதவேண்டியிருந்தது. அப்பெயர்களும் எழுதுபவர் காதில் விழுந்தவாறே எழுதப்பட்டன.

எங்கள் வீட்டில் அப்பாயியின் படம் ஒன்றே உண்டு. மொனராகலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் பதுளை நகரக் கடையொன்றிற் சென்று எடுத்தது. இந்தியா செல்ல எழுதிக்கொடுத்த விண்ணப்பத்துக்காக எடுத்த மூன்று பிரதிகளில் மிஞ்சியது அது. இரவலாக வாங்கிய சேலை. தலையில் எண்ணெய் மினுங்குகிறது. பின்னே வர்ணம் பூசிய திரையில் ஓர் ஏரியும் அன்னமும். அப்பாயி இந்தியா செல்லவில்லை. அதற்கு எத்தனை காரணம் கூறுவார்கள். எனக்குத் தெரிந்தது, தாத்தா அவ்வாண்டு இறந்தார் என்பதே. அவருக்குப் படமே இல்லை. இக்கட்டுரைக்காக அப்படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். கடையின் முத்திரை அழிந்திருந்தது. பென்சிலால் யாரோ அப்பாயியின் பெயரை எழுதி, ஓரெழுத்தைப் பிழையாக எழுதி, அதனைத் திருத்தாமலே விட்டிருந்தார்கள்.